சிம்கோ ஏரியும் என் இரண்டாவது அலவாங்கும்

போன சனிக்கிழமை கனடாவில், உறைந்து கிடக்கும் சிம்கோ ஏரியின் மேல் எட்டுக் கிலோமீற்றருக்கு மேல் நடந்து, ஐஸில் பதினேழு துளை போட்டு, தூண்டில் விட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தது நாலு பேர்ச் மீன். அதில் ஒன்று என் உள்ளங்கையை விடச் சின்னது. மீனுக்காக என்றால் இதை எழுதியே இருக்க மாட்டேன். அலவாங்கைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

இங்கே ஸ்பட் பார் என்கிறார்கள். ஐந்தடி இரும்புக் கம்பி, நுனியில் உளி மாதிரி வாய். ஊரில் வேலிக்குக் கிடங்கு கிண்டின அலவாங்கின் தம்பிதான். ஐஸ் தாங்குமா என்று குத்திப் பார்க்கத்தான் அது. என்னுடைய முதலாவது டிசம்பர் கடைசியில், ஏரியின் தென்பக்கத்தில் இருக்கும் குக்ஸ் குடாவின் அடிக்குப் போய்விட்டது. ஐஸ் பத்து சென்ரிமீற்றராவது இருக்கும் என்று நினைத்து ஓங்கிக் குத்தினேன். ஒரே குத்தில் துளைத்துக்கொண்டு இறங்கியது. ஈரக் கையுறைக்குள்ளால் வழுக்கி, 'குளுக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஒரே குத்தில் போனால் அது நிற்கக்கூடாத இடம். அதைச் சொல்லித் தந்த கம்பியே போய்விட்டது, நான் மட்டும் அங்கே நிற்கிறேன்! வந்த காலடிகளிலேயே மெல்ல மெல்லப் பின்னால் வந்தேன். தண்ணீருக்குள் விழுந்தால் ஐஸில் குத்திப் பிடித்து ஏறக் கழுத்தில் தொங்கிய குத்தூசிகளைக் கையில் பிடித்தபடி நடந்த முதல் நாள் அது.

இரண்டாவதில் பிடியில் துளை போட்டு, கயிறு கட்டி, மணிக்கட்டில் மாட்டிக்கொள்கிறேன். கயிறு இல்லாமல் ஏன் விற்கிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. எடையும் முக்கியம். கடையில் தூக்கிப் பார்க்கும்போது இலேசானது சுகமாக இருக்கும், ஏரியில் அது பொய் சொல்லும். பாரமான கம்பியை உயர்த்தி விட்டாலே போதும், தோளுக்கு வேலையில்லை. சத்தத்தைக் கேட்டால் சரி. கறுப்பு ஐஸ், அதாவது தெளிவாக இறுகி உறைந்தது என்றால் 'ணங்' என்று கல்லில் விழுந்த மாதிரி, கை அதிரும். பனி கலந்து உறைந்த வெள்ளை ஐஸ் 'சொத்' என்று உள்வாங்கும். நான்கைந்து காலடிக்கு ஒரு குத்து, சந்தேகமான இடத்தில் ஒவ்வொரு காலடிக்கும் ஒன்று. ஹொலண்ட் ஆறு வந்து விழும் குடாவின் தெற்கு முனைப் பக்கம் நான் போவதே இல்லை. கீழே நீரோட்டம் இருக்கும் இடத்தில் எந்தக் கம்பியையும் நம்பமாட்டேன்.

தடிப்பைக் கணக்குப் பார்ப்பதிலும் ஒரு பைத்தியம் பிடித்துவிட்டது. சனிக்கிழமை முதல் துளையில் 27 சென்ரிமீற்றர். கேட்டால் சந்தோஷமாக இருக்கும். ஆனால் மேலே 12 வெள்ளை, கீழே 15தான் கறுப்பு. வெள்ளைக்குப் பாதிப் பலம் என்று வைத்தால் 21. நடக்கவும் ஸ்னோமொபைல் ஓடவும் தாராளம், ஆனால் 27 என்று சொல்லிக்கொண்டு யாராவது பிக்கப்பை இறக்கினால் நான் பக்கத்தில் நிற்க மாட்டேன்.

குடாவின் கில்ஃபோர்ட் கரையிலிருந்து வடக்கே போனோம், நானும் எப்போதும் வரும் அண்ணையும். குடா ஆழம் குறைவு, முதலில் உறைவது அதுதான். ஆனால் எங்களுக்கு வேண்டியது பெரிய ஏரிப் பக்கத்து ஆழமும் அங்கே நிற்கும் வைற்ஃபிஷ்ஷும். காலையில் மைனஸ் 13. வழியில் ஒரு அமுக்க வெடிப்பு, முழங்கால் உயரத்துக்கு ஐஸ் பலகைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. இரண்டு பக்கமும் குத்திப் பார்த்தேன், 'ணங்'. தாண்டினோம்.

அப்பால் சேறு. மண் சேறு இல்லை. பனியின் பாரத்தில் ஐஸ் அமுங்கி, வெடிப்புகளால் தண்ணீர் மேலே வந்து, மேல்பனியின் போர்வைக்குள் உறையாமல் கிடக்கும் கஞ்சி. பிளாஸ்டிக் சறுக்குப் பெட்டியை இழுக்க இழுக்க அடியில் கஞ்சி ஒட்டி உறைந்து, நூறு மீற்றருக்கு ஒரு தடவை கவிழ்த்துத் தட்ட வேண்டியிருந்தது. பற்றரியை ஜாக்கெட்டுக்குள் வைத்திருந்தபடியால் துளைபோடும் ட்ரில் மட்டும் சொன்ன சொல் கேட்டது. பக்கத்தால் ஒரு பழைய பொம்பார்டியர் பீ12 பனி வண்டி, ஐஸ்மேல் மீன்பிடிக் குடிசைகளை வாடகைக்கு விடுபவரின் வாடிக்கையாளர்களை ஏற்றிக்கொண்டு கடகடவென்று போனது. 1940களின் வண்டி! அதைப் பார்த்த பிறகு என் பெட்டியை இழுக்க வெட்கமாக இருந்தது.

பதினொரு மணியளவில் காற்று தெற்குக்கு மாறியது. நான் துளைக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தேன். அண்ணைதான் கண்டார்.

"தம்பி, உதைப் பாரும். காலமை வெள்ளையாக் கிடந்தது, இப்ப கறுத்துப்போச்சு."

காலையில் தாண்டிய வெடிப்பு, திறக்கத் தொடங்கியிருந்தது. ஆழத்துக்கு இன்னும் ஒரு கிலோமீற்றர் இருந்தது. நான் போவோம் என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் தூண்டிலைச் சுற்றத் தொடங்கினார். திரும்பி வந்து பார்த்தால், காலையில் தாண்டிய இடத்தில் ஒரு சாண் அகலத்துக்குத் தண்ணீர். விளிம்பிலிருந்து இரண்டு ஆள் தூரம் தள்ளி, வெடிப்பின் வழியே குத்திக் குத்தி நடந்தேன். 'சொத்', 'சொத்', பிறகு ஒரு இடத்தில் கம்பி நுனி நனைந்து வந்தது. முந்நூறு மீற்றர் போயிருப்போம், பலகைகள் இன்னும் இறுகி நின்ற ஒரு இடத்தில் 'ணங்' கேட்டது. அப்பால் நின்ற பலகையையும் கம்பியை நீட்டிக் குத்தி, அதே சத்தத்தைக் கேட்ட பிறகுதான் ஒருவர் பின் ஒருவராகத் தாண்டினோம், நடுவில் கயிறு. அன்று மாலைக்குள் அது எவ்வளவு திறந்ததோ!

கரைக்குக் கிட்ட, நாலு மீற்றர் தண்ணீரில் பாசிக்கு மேலே உட்கார்ந்து பிடித்ததுதான் அந்த நாலு பேர்ச். மஞ்சளும் தூளும் பூசிப் பொரித்தபோது வீட்டில் ஆளுக்கொன்று வந்தது. மீன்பிடி லைசன்ஸ் ஐம்பது பேர்ச்சுக்கு இடம் தருகிறது, அது வேறு கதை.

இனி அந்தப் பெட்டி. பழைய சாமான் கடையில் ஒரு சோடி மரச் சறுக்குப் பலகைகள் அகப்பட்டன. அவற்றின்மேல் இரண்டுக்கு நாலு கட்டை அடித்து, பெட்டியை ஒரு அடி உயர்த்தி வைத்தால் கஞ்சிக்கு மேலே நிற்கும் என்பது என் கணக்கு. அண்ணை, "கவிழும்" என்கிறார். முன் கட்டையை அடித்துவிட்டேன், பின் கட்டைக்கு நீள ஆணி போதவில்லை. கராஜில் அப்படியே கிடக்கிறது.