டோவல், பிளக்: எந்த வேலைக்கு எந்தக் கருவி

ஜூன் 4

இரண்டும் உருண்டை மரத்துண்டுதான், ஆனால் ரேகை, அதாவது மர நார், ஓடும் திசை வேறு. இரண்டு பலகையைப் பிடித்து நிறுத்தும் டோவலில் ரேகை நீளவாக்கில் ஓட வேண்டும். திருகாணித் தலையை மறைக்கும் பிளக்கில் அது முகத்தின் குறுக்கே ஓட வேண்டும். அப்போதுதான் சுற்றியுள்ள பலகையோடு கலக்கும். பலகை முகத்தில் பிளக் கட்டரை (டிரில்லில் மாட்டி உருண்டைத் துண்டு வெட்டும் குழாய் வடிவ பிட்) இறக்கி எடுத்த துண்டை டோவலாகச் செருகினால் கொஞ்சம் பளு வந்தாலே முறியும். கருவி வாங்குமுன் இதை மனதில் வைக்க வேண்டும்.

ஜூன் 6

டோவலுக்கு என் முதல் தேர்வு டோவல் தட்டு, அதாவது குச்சியை அடித்து இறக்கி உருட்டையாக்கும் துளைகள் உள்ள தகடு: கடினப்படுத்திய எஃகு, 6 மி.மீ. தடிமனாவது வேண்டும். துளையின் மேல்விளிம்பு கூராகவும் அடிப்பக்கம் சற்றே அகன்றும் இருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். அடி அகலாத துளையில் குச்சி இறுகிச் சூடேறும்.

8 மி.மீ. டோவலுக்கு 10 மி.மீ. சதுரக் குச்சி. ரம்பத்தால் அறுப்பதைவிட உளி வைத்துப் பிளப்பது நல்லது. மரம் ரேகை வழியே பிரியும். அறுத்த குச்சியில் ரேகை சாய்ந்திருந்தால் தட்டுக்குள் ஒருபக்கம் பிய்ந்து குழி விழும். நான்கு மூலையையும் இழைத்து எண்கோணமாக்கி, நுனியைச் சீவி, முதலில் 9, பிறகு 8 மி.மீ. துளையில் கொட்டாப்புளியால் நேராக அடித்து இறக்க வேண்டும். வால்பகுதியை அடுத்த குச்சியால் தள்ளிவிடலாம்.

ஜூன் 7

ஈரமரத்தில் அடித்த டோவல் காய்ந்ததும் நீள்வட்டமாகிவிடும். வளையத்துக்குக் குறுக்கே சுருங்குவதைவிட, ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் மரம் ஏறக்குறைய இருமடங்கு சுருங்குவதே காரணம். குச்சி நன்றாகக் காய்ந்த பிறகே கடைசித் துளை.

தட்டும் டிரில் பிட்டும் ஒரே அளவுமுறையில் இருக்கட்டும். 3/8 அங்குல டோவல் 9.5 மி.மீ.தான், 10 மி.மீ. துளையில் ஆடும்.

ஜூன் 10

பிளக் கட்டரில் நேர்சுவர், சரிவுச்சுவர் என இருவகை. சரிவுதான் வாங்க வேண்டியது: அடிக்க அடிக்க இறுகி, சுற்றிலும் பசைக்கோடு தெரியாமல் உட்காரும். பலகையின் மேல்முகம்தான் குறுகிய முனை, அதுவே துளைக்குள் முதலில் போகும். ஆக, வெளியே தெரிவது பலகையின் முகம் அல்ல, உள்ளே இருந்த மரம். நிறம் பொருத்தும்போது பலரும் கவனிக்காத இடம் இது.

கையில் பிடிக்கும் டிரில்லில் கட்டர் வழுக்கி ஓடும். டிரில் பிரஸ் (தாங்கியில் பொருத்தி நேராக இறக்கும் டிரில்) வேண்டும். அடிக்கடி மேலே தூக்கித் தூளை வெளியேற்றாவிட்டால் மரம் கருகும். பலகையை முழுக்கத் துளைக்காமல் 10 மி.மீ. ஆழத்தில் நிறுத்தி, முகத்தில் டேப் ஒட்டி, அடியில் ரம்பத்தால் கிடையாக அறுத்தால் எல்லாப் பிளக்கும் சிதறாமல் டேப்போடு வரும்.

ஜூன் 12

பசை காய்ந்த பிறகு பிளக்கை ஒரே வெட்டில் மட்டமாக்க வேண்டாம். பலகை மட்டத்துக்கு 2 மி.மீ. மேலே உளியால் ஒரு சீவல் எடுத்தால் ரேகை ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரியும். இறங்கினால் எதிர்ப்பக்கத்திலிருந்து சீவ வேண்டும். இல்லையேல் பலகை மட்டத்துக்குக் கீழே பிய்ந்து பள்ளமாகும்.

ஜூன் 13

வழவழப்பான டோவலைப் பசையிட்ட துளையில் அடித்தால், வெளியேற வழியில்லாத பசை பலகையைப் பிளக்கும். பல்லுள்ள இடுக்கியால் நீளவாக்கில் அழுத்தி வரி போடலாம், அல்லது ரம்பத்தால் ஒரு கீறல் போதும். இரு துளைகளின் மொத்த ஆழம் டோவலைவிட 2 மி.மீ. கூடுதலாக இருக்கட்டும். 18 மி.மீ. பலகைக்கு 8 மி.மீ. டோவல் போதும்.