எழுந்து போகாத உறுப்பினர்

நகராட்சியின் வரிக் குழுக்கள் என்றால், கவுன்சிலர் தன் வீட்டு வரியைத் தானே குறைத்துக்கொண்ட கதையைத்தான் எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். வருவாய்ப் பிரிவில் நான் பார்த்தவரை அது அபூர்வம். சொந்த ஃபைல் வந்தால் பெரும்பாலும் எழுந்து போய்விடுவார்கள். சின்ன ஊரில் நாலு பேர் பார்ப்பார்களே என்ற கூச்சம் சட்டத்தைவிட நன்றாக வேலை செய்யும்.

சிக்கல் பொதுவான விஷயங்களில்தான். 2008 ஏப்ரலில் சொத்து வரிப் பொதுச் சீராய்வு வந்தது. அதற்காகத் தெருக்களை ஏ, பி, சி என்று மண்டலம் பிரித்து, சதுர அடிக்கு அடிப்படை மதிப்பு வைக்க வேண்டும், ஏ-க்குத்தான் அதிகம். மண்டலம் மாறினால் தெருவில் உள்ள அத்தனை கட்டடத்துக்கும் அரையாண்டு வரி மாறும்.

பஸ் ஸ்டாண்டை ஒட்டி ஒரு தெரு. வரிசையாகக் கடைகள், மாடியில் லாட்ஜ், கடைசியில் கல்யாண மண்டபம். பில் கலெக்டர்கள் கொடுத்த பட்டியலில் அது ஏ. மண்டபத்துக்காரர் குழு உறுப்பினர். முன்பு மண்டபத்தின் மேல்முறையீடு வந்தபோது, யாரும் சொல்லாமலே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வராண்டாவுக்குப் போனவர், இப்போது அசையவில்லை.

"உள்ளே ஓட்டு வீடுகளும் இருக்கு சார், ஏழை பாழைங்க. பி-யில வையுங்க."

பொய்யில்லை, நாலைந்து ஓட்டு வீடுகள் இருந்தன. நான் மெல்ல மண்டபத்தை நினைவுபடுத்தினேன்.

"தெருன்னா எல்லாருக்கும் பொதுதானே" என்றார்.

சட்டமும் அவர் பக்கம்தான். பண ஆதாயம் உள்ள பொருளில் உறுப்பினர் பேசவோ ஓட்டுப் போடவோ கூடாதுதான். ஆனால் பொதுமக்கள் எல்லோருக்கும் பொருந்துகிற விஷயம் அந்தத் தடைக்குள் வராது. தெரு பி ஆனது, ஒருமனதாக. மினிட் புத்தகத்தில் குறை சொல்ல ஒரு வரி கிடையாது.

அவரை நீக்கினால் சரியாகிவிடுமா? எந்தத் தெருவில் கடை வாடகை என்ன, அட்வான்ஸ் எவ்வளவு என்று தெரிந்தவர்கள் கட்டடம் வைத்திருப்பவர்கள்தான். (எங்கள் ஆட்களும் யோக்கியமில்லை, சில பில் கலெக்டர்களுக்கு வசூல் வார்டிலேயே வீடு இருந்தது.) அதனால் ஆணையரிடம் வேறொன்று சொன்னேன்: மண்டலப் பேச்சுக்கு முன், உறுப்பினர்கள், அவர்கள் குடும்பத்தார் பெயரில் உள்ள வரிவிதிப்பு எண்களைத் தெருவாரியாக டைப் அடித்து மேஜையில் வைத்துவிடலாம். எல்லாம் கேட்பு ரெஜிஸ்டரிலேயே, அதாவது யார் எவ்வளவு வரி கட்ட வேண்டும் என்ற பதிவேட்டிலேயே, இருக்கிறது. உட்காருகிறவர் உட்காரட்டும், எதன் மேல் உட்கார்ந்திருக்கிறார் என்று மற்றவர்களுக்குத் தெரிந்தால் போதும். "நல்ல யோசனைதான், அடுத்த சீராய்வில் பார்ப்போம்" என்றார் அவர்.

2018-ல் வந்த உயர்வு பாதியில் நின்றது. அடுத்து 2022-ல், சென்னை நீங்கலாக மற்ற ஊர்களில் வீடுகளுக்கு 600 சதுர அடி வரை 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 என்று அரசே உயர்வை நிர்ணயித்துவிட்டது. பேச்சுவார்த்தை இப்போது அளவு டேப்பின் பக்கம் நகர்ந்துவிட்டது என்று வேலையில் இருக்கும் நண்பர்கள் சொல்கிறார்கள். 1,210 சதுர அடி வீட்டை 1,195 என்று எழுதக் குழுக் கூட்டம்கூட வேண்டாம், படிக்கட்டைக் கழித்தால் போதும்.