ஆக்கர் விழுந்த பம்பரத்தை அதிர வைத்தது

செல்போனில் ஆடும் பம்பர விளையாட்டு ஒன்றைக் கோடோ எஞ்சின் என்ற விளையாட்டு உருவாக்கும் மென்பொருளில் எழுதிவருகிறேன். தெருவில் வட்டத்துக்குள் கிடக்கும் பம்பரத்தைக் குத்துவோம். என் விளையாட்டில் அது சுற்றிக்கொண்டும் இருக்கும். நம் பம்பரத்தை அதன் மேல் இறக்கி, ஆணியால் ஆக்கர் வைக்க வேண்டும், அதாவது கட்டையில் தழும்பு விழக் குத்த வேண்டும். திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மோதல் கணக்கெல்லாம் சரியாக வந்துவிட்டது. ஆனாலும் குத்தில் உறைப்பு இல்லை. அடிபட்ட கட்டை அதிர வேண்டும். அந்த அதிர்வை வரவழைத்த வழி இதே வேலையில் இறங்கும் மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் எழுதுகிறேன்.

வழக்கமாகச் சொல்லித்தருவது, மோதியதும் ஒவ்வொரு ஃபிரேமிலும் (திரையில் அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு படத்திலும்) ஏதோ ஓர் எண்ணை எடுத்துத் திரை முழுவதையும் நகர்த்துவது. எனக்கு அது பிடிக்கவில்லை. நொடிக்கு 60 ஃபிரேமில், முந்தைய இடத்துக்கும் அடுத்த இடத்துக்கும் உறவே இல்லாமல் படம் தாவினால் கண்ணுக்குத் தெரிவது வெறும் மினுக்கம்தான். 30 ஃபிரேமில் ஓடும் பழைய போனில் அதே அசைவு வேறு மாதிரி தெரியும். பெர்லின் நாய்ஸ் இந்தக் குறையைப் போக்குகிறது. கணினிப் படங்களின் இயந்திரத்தனத்தைக் குறைக்கக் கென் பெர்லின் 1983இல் உருவாக்கிய முறை இது. 1997இல் இதற்காக ஆஸ்கர் அமைப்பின் தொழில்நுட்ப விருது பெற்றார். இதில் எண்கள் தாவுவதில்லை, ஒன்றிலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்கின்றன.

கோடோவில் இப்படிப்பட்ட எண்களைத் தர ஃபாஸ்ட்நாய்ஸ்லைட் என்ற கருவி இருக்கிறது. அதன் இயல்பான அதிர்வெண் 0.01. நொடிக்கணக்கை அப்படியே கொடுத்தால் பம்பரம் அசைவதே தெரியாது. நேரத்தை ஆயிரக்கணக்கில் பெருக்கிக் கொடுக்க வேண்டும். கிடைமட்டம், செங்குத்து, சாய்வு மூன்றுக்கும் வெவ்வேறு விதை எண் (எண்வரிசையைத் தீர்மானிக்கும் தொடக்க எண்) தருவதும் அவசியம். ஒரே விதை என்றால் பம்பரம் ஒரு சாய்கோட்டிலேயே போய் வரும்.

அதிர்வின் அளவுக்கு, ஸ்க்விரல் ஐசர்லோ 2016இல் கேம் டெவலப்பர்ஸ் மாநாட்டில் விளக்கிய முறையைக் கையாண்டேன். 0 முதல் 1 வரை ஓர் அதிர்ச்சி எண். குத்து விழும்போது கூடும், பிறகு நேரத்தோடு குறையும். அசைவுக்குப் பயன்படுவது அதன் வர்க்கம். 0.3 என்பது 0.09 ஆகிறது, 0.9 என்பது 0.81 ஆகிறது, அதாவது மூன்று மடங்கு குத்துக்கு ஒன்பது மடங்கு ஆட்டம். உரசிப் போனதும் ஆக்கர் விழுந்ததும் வேறு வேறு என்று பார்த்தவுடன் புரிகிறது. அடுத்தடுத்து இரண்டு குத்து விழுந்தாலும் எண் கூடுகிறதே தவிர, அசைவு அறுந்து புதிதாகத் தொடங்குவதில்லை. நொடிக்கு 1.5 வீதம் குறைத்தேன். இது முழுக்க ரசனை சார்ந்தது. உங்கள் விளையாட்டுக்கு வேறு எண் பொருந்தலாம்.

இவ்வளவு செய்தும் அது பம்பரமாக ஆடவில்லை. பாளையங்கோட்டையிலிருந்து சேரன்மகாதேவி வழியாக அம்பாசமுத்திரத்துக்குப் பஸ் ஏறினேன். மரத்தில் செப்புச் சாமான் கடைசல் பிடிக்கிற ஊர் அது. பட்டறையில் இருந்த அண்ணாச்சி ஒரு பம்பரத்தைச் சிமெண்டுத் தரையில் சுழற்றிவிட்டு, விரலால் பக்கவாட்டில் சுண்டினார். தலை மறுபக்கம் சட்டென்று சாய்ந்தது. ஆணிமுனை மட்டும் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நின்றது. பிறகு தலை வட்டமிட்டு, வட்டம் சுருங்கி, நிமிர்ந்தது. "ஆணியைப் பாருங்கள் தம்பி, எல்லா ஆட்டமும் அதன் மேல்தான்" என்றார். எனக்கு வேண்டியது அதுதான்.

என் பம்பரம் நடுவயிற்றை மையமாகக் கொண்டு திரும்பிக்கொண்டிருந்தது. படத்தின் உயரம் 96 பிக்சல். ஸ்பிரைட்டின் (திரையில் தெரியும் பம்பரப் படத்தின்) ஆஃப்செட்டை, அதாவது மையத்திலிருந்து அதைத் தள்ளிவைக்கும் அளவை, செங்குத்தில் மைனஸ் 48 என்று வைத்ததும் ஆணிமுனை சுழல்மையத்துக்கு வந்துவிட்டது. அதன் பின் இடப்பெயர்ச்சியை வெகுவாகக் குறைத்துச் சாய்வைக் கூட்டினேன். அதே பம்பரம் உயிர் பெற்றது போல இருந்தது.

அடி எந்தப் பக்கமிருந்து வந்தது என்பதும் தெரிய வேண்டும். அதனால் முதல் ஃபிரேமிலேயே, குத்து வந்த திசைக்கு எதிர்ப்புறமாகத் தலையைச் சாய்த்துவிடுகிறேன். ஒரு சுருள்வில் கணக்கு அதை மெல்ல நிமிர்த்துகிறது. நாய்ஸ் அதன் மேல் ஏறும் நடுக்கம் மட்டும். இவை அனைத்தும் ஸ்பிரைட்டுக்குத்தான். மோதலைக் கணக்கிடும் உடலைத் தொடவே கூடாது. தொட்டால் அதிர்வே புதிய மோதல்களை உண்டாக்கும். ஸ்பிரைட்டின் இடத்தையும் ஒவ்வொரு ஃபிரேமிலும் ஓய்வு நிலையிலிருந்தே கணக்கிட வேண்டும். இருக்கும் இடத்தோடு கூட்டிக்கொண்டே போனால் படம் உடலை விட்டு நகர்ந்துவிடும்.

கடைசியாக ஒரு சிறு நிறுத்தம். குத்து விழுந்ததும் இரண்டு உடல்களையும் 0.05 நொடி உறைய வைக்கிறேன். எஞ்சினின் நேரத்தையே மெதுவாக்கினால் அதிர்வும் சேர்ந்து உறைந்துவிடும். உடல்களை மட்டும் நிறுத்தினால் அடிபட்டது அந்த இடைவெளியிலும் நடுங்கும், அடித்தது அசையாமல் நிற்கும். யார் யாரைக் குத்தினார் என்ற குழப்பம் இதோடு தீர்ந்தது.

திரையை நான் ஆட்டவே இல்லை. ஆட்டம் காட்டினால் தலைசுற்றும் மனிதர்கள் இருக்கிறார்கள். பம்பரத்தின் நடுக்கத்துக்கும் அமைப்புகளில் பூஜ்யம் முதல் நூறு வரை ஓர் இழுவைப் பட்டை வைத்திருக்கிறேன். பூஜ்யத்தில் வைத்தாலும் திசைச் சாய்வு மட்டும் சிறிதளவு இருக்கும், ஏனென்றால் அது ஆட்டக்காரருக்குத் தேவையான தகவல். ஆக்கருக்கு மட்டும் போன் 40 மில்லிநொடி அதிரும். ஆண்ட்ராய்டுக்கு ஏற்றுமதி செய்யும்போது அதிர்வு அனுமதியைத் தேர்வு செய்யாவிட்டால் அது வேலை செய்யாது.