டிஸ்சார்ஜ் சம்மரியில் இல்லாத ஒரு வரி

"ரெண்டு பக்க நரம்பையும் விட்டு வச்சாங்களா, ஒரு பக்கம் மட்டுமா?"

டாக்டர் கேட்டதும் விழித்தேன். ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பியில் வந்த புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து அப்போது ஏழு மாதம். ஆணுறுப்பில் விறைப்பு துளிகூட இல்லை. இதற்கென்றே வேறொரு டாக்டரைப் பார்க்கலாம் என்று திருச்சியில் காலை ரயில் ஏறி சென்னை வந்து, மூன்று மணி நேரம் காத்திருந்து உள்ளே போனால், முதல் கேள்விக்கே என்னிடம் பதில் இல்லை. டிஸ்சார்ஜ் சம்மரியைப் புரட்டினார். ஆபரேஷன் தேதி, கதீட்டர் எடுக்கும் நாள், மாத்திரைகள் எல்லாம் இருந்தன. நரம்பைப் பற்றி ஒரு வரி இல்லை.

"ஆபரேஷன் நோட்ஸ் வாங்கிட்டு வாங்க சார். அது தெரியாம நான் என்ன சொன்னாலும் ஊகம்தான்" என்றார். ஆபரேஷனில் என்ன செய்தார்கள் என்று சர்ஜன் எழுதி வைக்கும் குறிப்புதான் அது. அன்றைய பயணம் வீண்.

ஆனால் விஷயத்தை அவர்தான் முதன்முதலாகப் புரியும்படி சொன்னார். விறைப்புக்கு வேண்டிய நரம்புகள் புராஸ்டேட்டின் இரு பக்கமும் ஒட்டியே ஓடுகின்றன. அவற்றைக் காப்பாற்றிவிட்டுச் சுரப்பியை மட்டும் எடுக்கும் முறையை 1982-இல் அமெரிக்காவில் பேட்ரிக் வால்ஷ் செய்து காட்டினார். கட்டி ஓரம் வரை வந்திருந்தால் அந்தப் பக்க நரம்பையும் சேர்த்து எடுக்க வேண்டி வரும். விட்டு வைத்த நரம்பும் இழுபட்டு மரத்துப் போய்க் கிடக்கும். அது தேற ஆறு மாதமும் ஆகலாம், இரண்டு வருடமும் ஆகலாம்.

இதை ஆபரேஷனுக்கு முன்னால் யாராவது வாய்விட்டுச் சொல்லியிருந்தால் ஏழு மாதம் இருட்டில் தடவியிருக்க மாட்டேன். ஆபரேஷன் செய்த இடத்தில் மூன்றாம் மாதமே தயங்கித் தயங்கிக் கேட்டேன். "பிஎஸ்ஏ நல்லா இருக்கு, உயிர் பிழைச்சிட்டீங்க, இந்த வயசுல அது எதுக்கு?" என்றார் அங்கிருந்த ஜூனியர் டாக்டர். பிஎஸ்ஏ என்பது புற்றுநோய் திரும்புகிறதா என்று காட்டும் ரத்தப் பரிசோதனை. எனக்கு 57 வயது. கதவுக்கு வெளியே நின்ற என் மனைவியின் காதிலும் அது விழுந்தது. அதற்கப்புறம் அந்தப் பேச்சையே வீட்டில் இருவரும் எடுக்கவில்லை.

நோட்ஸ் வாங்கப் போன கதை தனி. முதல் தடவை, "எல்லாம் டிஸ்சார்ஜ் அன்னைக்கே குடுத்தாச்சு" என்றார்கள். இரண்டாவது தடவை பொறுப்பாளர் லீவு. நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைக் கொடுக்க வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிமுறையிலேயே இருக்கிறது. மூன்றாவது தடவை அதைக் குறிப்பிட்டு, ஐபி நம்பர் (உள்நோயாளி எண்) போட்டு, கடிதமாகவே எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொண்டேன். மறுநாளே இரண்டு பக்க ஜெராக்ஸ் கைக்கு வந்தது. வராந்தாவில் நின்றபடியே படித்தேன். வலது பக்க நரம்பு முழுதாக இருக்கிறது, இடது பக்கம் ஓரளவு. கண் கலங்கிவிட்டது.

ஆபரேஷனுக்குப் போகிறவர்கள் தயவுசெய்து அந்த நோட்ஸை வீடு திரும்பும் முன்பே கேட்டு வாங்கிவிடுங்கள்.

அடுத்த முறை டாக்டர் மனைவியையும் உள்ளே கூப்பிட்டார். தினமும் விறைப்புக்கான டாடாலாஃபில் மாத்திரை 5 மில்லிகிராம் எழுதினார். இது நரம்பைச் சீக்கிரம் குணமாக்கும் என்று உறுதி தர முடியாது என்றும் ஒளிக்காமல் சொன்னார். அதில் பலன் இல்லாததால் அதே வகையைச் சேர்ந்த சில்டெனாஃபிலுக்கு மாற்றினார். ஒரு ஞாயிறு, மட்டன் பிரியாணி சாப்பிட்ட கையோடு அதைப் போட்டுக்கொண்டு ஏமாந்தேன். கொழுப்புச் சாப்பாடு அந்த மாத்திரையைத் தாமதப்படுத்தும், வெறும் வயிறுதான் நல்லது. தொடுதலும் ஆசையும் இல்லாமல் மாத்திரை தானாக எதையும் செய்யாது. நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் சார்பிட்ரேட் மாதிரி நைட்ரேட் மருந்து எடுப்பவர்கள் இந்த மாத்திரைகள் பக்கமே போகக் கூடாது. ரத்த அழுத்தம் தடாலென்று இறங்கி உயிருக்கே ஆபத்தாகும்.

நடுவில், லாட்ஜில் வந்து தங்கும் ஒரு வைத்தியரிடம் 12,000 ரூபாய்க்கு லேகியம் வாங்கினேன். பில் கிடையாது. இப்படிப்பட்டவற்றில் சில்டெனாஃபிலையே அளவு தெரியாமல் கலந்து விற்பது உண்டு என்று டாக்டர் கடிந்துகொண்டபோது, வாங்கியதை அப்படியே குப்பையில் போட்டேன்.

எங்களுக்கு வழி திறந்தது ஊசியில்தான். பத்தாவது மாதம். ஆணுறுப்பில் ஊசி என்றதும் உடம்பு நடுங்கியது. சர்க்கரைக்காரர்கள் இன்சுலின் போடும் அதே மெல்லிய ஊசி. கடிகாரத்தில் பத்து மணியும் இரண்டு மணியும் இருக்கும் இடங்களில், ஒரு தடவை இந்தப் பக்கம், அடுத்த தடவை அந்தப் பக்கம். முதல் ஊசியை டாக்டரே பக்கத்தில் இருந்து போட வைத்தார். எறும்பு கடித்த அளவுதான் வலி. பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பத்து நிமிடத்தில் விறைப்பு வந்தது. பத்து மாதத்தில் அதுதான் முதல் தடவை. நான்கு மணி நேரம் தாண்டியும் இறங்காவிட்டால் ராத்திரி என்றும் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்று மூன்று தடவை சொல்லி அனுப்பினார். அளவை நாமாகக் கூட்டவே கூடாது.

இன்னொன்று. இனி விந்து வெளிவராது, அதைச் சுரக்கும் உறுப்புகளையும் எடுத்துவிடுகிறார்கள். தெரியாமல் நான் பயந்துபோனேன். உச்ச உணர்வு அப்படியே இருக்கிறது, விறைப்பு இல்லாத நாட்களிலும் வரும்.

பதினேழாவது மாதம் ஒரு விடியற்காலை, மருந்து எதுவும் இல்லாமல் பாதி விறைப்போடு விழித்தேன். மனைவியை எழுப்பிச் சொன்னேன். இப்போது இருபதாவது மாதம். பெரும்பாலும் மாத்திரையே போதும், ஊசி மாதத்தில் ஒன்றோ இரண்டோ. அடுத்த செக்கப் வரும் வியாழக்கிழமை. இரண்டு டிக்கெட் போட்டிருக்கிறேன்.