பெரியப்பாவின் அறுப்பு வண்டிக்கு ஒரு சின்ன சர்வர்

மன்னார்குடிப் பக்கம் தை பிறந்துவிட்டால் பெரியப்பாவின் போன் ஓயாது. சம்பா அறுப்புக்கு இரண்டு பெல்ட் வண்டி வைத்திருக்கிறார், யாருக்கு எந்த நாள் என்பதெல்லாம் ஒரு பழைய டைரியில். போன வருஷம் ஒரே நாளை இரண்டு பேருக்குக் கொடுத்துவிட்டதில், சாய்ந்து கிடந்த பயிரை வைத்துக்கொண்டு ஒருவர் நாலு நாள் காத்திருந்தார். அது மனசை அறுத்தது. பதிவுக்கு ஒரு ஏபிஐ சர்வர், அதாவது பதிவுகளை வாங்கிச் சேமித்து, கேட்டால் திருப்பிக் கொடுக்கும் நிரல், எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

வீட்டில் இருந்தது பழைய லேப்டாப், அதனால் கனமாக எதுவும் வேண்டாம் என்று, ஜாவாஸ்கிரிப்டில் சர்வர் எழுத உதவும் ஃபாஸ்டிஃபை என்ற கட்டமைப்பை எடுத்தேன். அதில் எல்லாமே பிளகின்தான், அதாவது தனித்தனித் துண்டு நிரல்கள்; நமக்கு வேண்டியதை மட்டும் ரெஜிஸ்டர் செய்து சர்வரோடு இணைத்துக்கொள்ளலாம். ஐந்தாம் பதிப்புக்கு, ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட் மென்பொருளில் குறைந்தது 20ஆம் பதிப்பு வேண்டும், அதை ஏற்றியதோடு நிறுவும் வேலை முடிந்தது.

சிக்கல் அப்புறம்தான். பதிவுகளைச் சேமிக்கும் எஸ்க்யூலைட் (SQLite) தரவுத்தளத்துக்கான இணைப்பை ஒரு பிளகினாக எழுதி, டெக்கரேட் செய்து, அதாவது சர்வரோடு ஒட்டவைத்து, 'டிபி' என்று பெயர் வைத்தேன். பதிவுக் கோரிக்கையைக் கவனிக்கும் ரூட்டில் அதைக் கூப்பிட்டால் 'அன்டிஃபைன்ட்', அப்படி ஒன்றே இல்லை என்றது. பெயரைப் பார்த்தேன், ஃபைல் பாதையைப் பார்த்தேன், எல்லாம் சரி, இரண்டு ராத்திரி போனது. கடைசியில் நம் ஊர் வாய்க்காலை நினைத்தபோதுதான் விளங்கியது. தாய் வாய்க்காலில் வரும் தண்ணீர் கிளைகளுக்குப் போகும், ஆனால் ஒரு கிளையில் இறங்கிய தண்ணீர் திரும்பத் தாய் வாய்க்காலுக்கு ஏறாது, பக்கத்துக் கிளைக்கும் போகாது. ஃபாஸ்டிஃபையும் அப்படியே: ஒவ்வொரு ரெஜிஸ்டரும் ஒரு கிளை. என் டிபி ஒரு கிளையில், ரூட் இன்னொரு கிளையில். 'ஃபாஸ்டிஃபை-பிளகின்' என்ற சின்னப் பொதியால் டிபி பிளகினைச் சுற்றிவிட்டால் அது தாய் வாய்க்காலிலேயே சேர்ந்துவிடுகிறது. ரூட்டுகளுக்கு முன்னால் அதை ரெஜிஸ்டர் செய்யவேண்டும், அவ்வளவுதான்.

நடுவில் ஒரு தடவை சர்வர் கிளம்பவே இல்லை, பத்து விநாடி நின்று டைம்அவுட் என்றது. பிளகினில் 'டன்' என்று மூன்றாவது அளவுருவை வாங்கிவிட்டு, வேலை முடிந்தது என்று சொல்ல அதைக் கூப்பிட மறந்திருந்தேன். எந்த பிளகின் என்று பிழைச் செய்தியே பெயரைச் சொன்னது, நல்லவேளை.

வரும் தகவலில் என்னென்ன புலங்கள், எந்த வகையில் இருக்கவேண்டும் என்று சொல்லும் ஸ்கீமா விஷயம் இதைவிட முக்கியம். எங்கள் ஊரில் நிலத்தை மாக் கணக்கில்தான் சொல்வார்கள், மூன்று மா ஒரு ஏக்கர். படிவத்திலிருந்து "12" என்று எழுத்தாக வந்தாலும் ஃபாஸ்டிஃபை எண்ணாக மாற்றிக்கொள்கிறது, அது வசதி. ஆனால் 'வயல் ஈரம், டயர் வண்டி இறங்காது' என்பது போன்ற குறிப்புகள் எதுவுமே சேமிக்கப்படவில்லை, பிழையும் வரவில்லை. ஸ்கீமாவில் கூடுதல் புலங்கள் கூடாது என்று எழுதியிருந்தேன், குறிப்புப் புலத்தைச் சேர்க்க மறந்துவிட்டேன். அப்படி இருந்தால் ஃபாஸ்டிஃபை பதிவை மறுக்காது, கூடுதல் புலத்தைச் சத்தமில்லாமல் வெட்டிவிடும். ஸ்கீமாவைச் சரிபார்க்கும் ஏஜேவியின் அமைப்பில் 'ரிமூவ் அடிஷனல்' என்பதை அணைத்தேன், இப்போது தெரியாத புலம் வந்தால் 400 என்ற பிழை எண்ணோடு திருப்பி அனுப்புகிறது. விவசாயி சொன்ன தகவல் காணாமல் போவதைவிட இது எவ்வளவோ மேல்.

கடைசியாக, லேப்டாப்பில் ஓடியது பெரியப்பா போனில் திறக்கவில்லை. எதுவும் சொல்லாவிட்டால் சர்வர் லோக்கல்ஹோஸ்டில், அதாவது அதே கணினியிலிருந்து வரும் கோரிக்கைகளை, மட்டும்தான் கேட்கும். வெளியிலிருந்து வருவதையும் கேட்கும்படி ஹோஸ்டை 0.0.0.0 என்று கொடுத்ததும், ஒரே வைஃபையில் இருந்த அவர் போனில் அன்றைய பட்டியல் வந்தது. விரலால் மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டு, "ரெண்டு வண்டிக்கும் தனித்தனியா காட்டுமாடா?" என்று கேட்டார். அந்த பிளகினைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.