சாராயம் விற்காத ஒரு மியூசிக் கிளப்

மட்டக்களப்பில் லைவ் மியூசிக் கிளப் ஒன்று வேண்டும் என்று வாய் திறந்தால் போதும், பெரியவர்களின் யோசனை நேரே குடி, சண்டை, பொலிஸ் என்று போய்விடும். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அறுகம்பையில் சீசன் நேரம் விடிய விடிய நடக்கிற பார்ட்டிகளைத்தான் நம் ஆட்கள் கண்டிருக்கிறார்கள், அதை வைத்துத்தான் பேசுகிறார்கள். ஆனால் உலகப் புகழ் பெற்ற ஆங்கிலேய இசைக்குழு பீட்டில்ஸ் வளர்ந்த கிளப்பில் அந்தக் காலத்தில் ஒரு சொட்டு மதுவும் விற்கவில்லை என்பதை எத்தனை பேர் அறிவார்கள்?

லிவர்பூல் நகரத்து மேத்யூ ஸ்ட்ரீட்டில் இருந்த கேவர்ன் கிளப்பைத்தான் சொல்கிறேன். ஒரு கிடங்குக் கட்டடத்தின் நிலவறை அது, இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சுக்குப் பயந்த சனம் அதில் ஒளிந்திருந்திருக்கிறது. பாரிஸில் இருந்த ஒரு நிலவறை ஜாஸ் கிளப்பைப் பார்த்து மயங்கிய அலன் சிட்னர் என்பவர் 1957 ஜனவரி 16ஆம் திகதி இதைத் திறந்தார். அவருக்கு ஜாஸ்தான் உயிர், ரொக் அண்ட் ரோல் பிடிக்கவே பிடிக்காது. அந்த வருடம் ஓகஸ்ட்டில் ஜோன் லெனன், பின்னாளில் பீட்டில்ஸ் ஆன தன் பள்ளிக்கூடக் குழுவோடு வந்து எல்விஸ் பாட்டு எடுத்ததும், ரொக்கை நிறுத்து என்று சிட்னர் மேடைக்குத் துண்டுக் கடிதம் அனுப்பினாராம். 1959இல் ரே மக்ஃபோல் கிளப்பை வாங்கின பிறகுதான் ரொக்குக்கு அந்தக் கதவு மெல்ல மெல்லத் திறந்தது.

இடம் ஒன்றும் சொகுசு கிடையாது. வளைந்த கூரையோடு மூன்று செங்கல் சுரங்கங்கள் பக்கத்துப் பக்கமாக, நடுவில் சின்ன மேடை. காற்றோட்டம் இல்லை, ஆட்கள் நிறைந்தால் வேர்வை ஆவியாகிக் கூரையில் முட்டித் தண்ணீராகச் சொட்டும். குடிக்க சோடா, கோப்பி, தேத்தண்ணீர். பின்னாளில் பெரிய பாடகியான சில்லா பிளாக் அங்கே கோட்டுகளை வாங்கி மாட்டி வைக்கிற வேலை பார்த்தவர்.

எனக்கு எல்லாவற்றையும் விடப் பெரிதாகத் தெரிவது அங்கே நடந்த பகல் கச்சேரிதான். கந்தோரில் டைப் அடிக்கிற பெண்பிள்ளைகள், கடையில் நிற்கிற பொடியன்கள் எல்லாரும் மதியச் சாப்பாட்டு இடைவேளையில் இறங்கி வந்து பாட்டுக் கேட்டுவிட்டுத் திரும்ப வேலைக்குப் போவார்கள். பீட்டில்ஸ் என்ற பெயரில் அந்தக் குழு முதன்முதல் அங்கே வாசித்ததும் அப்படி ஒரு மதியத்தில்தான், 1961 பெப்ரவரி 9, சம்பளம் குழு முழுவதற்கும் ஐந்து பவுண். அதே வருடம் நவம்பர் 9இல், இன்னொரு மதியம், கொஞ்சத் தூரத்தில் இசைத்தட்டுக் கடை வைத்திருந்த பிரையன் எப்ஸ்டீன் நடந்து வந்து எட்டிப் பார்த்தார், பிறகு அவர்தான் அவர்களுடைய மேனேஜர். 1963 ஓகஸ்ட் 3இல் கடைசியாக அங்கே வாசித்தபோது அந்தச் சின்ன மேடையில் அவர்கள் 250 தடவைக்கு மேல் ஏறியிருந்தார்கள். இரண்டரை வருடத்தில்! திறமை இருந்தது, சரி, ஆனால் ஒரே சனத்துக்கு முன்னால் வாரத்துக்குப் பல தடவை நின்று, நேற்றுப் பிழைத்ததை இன்று திருத்துகிற வாய்ப்பு யாருக்குக் கிடைக்கிறது?

இங்கே நம் இசைக்குழுக்களுக்குக் கோயில் திருவிழா, கல்யாண வீடு, புதுவருடம், அவ்வளவுதான். ஆடி, ஆவணியில் தொண்டை கட்டும் வரைக்கும் பாடுவார்கள், சீசன் முடிந்தால் கிற்றாருக்கு உறை போட்டு வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போவார்கள். திருவிழா மேடையில் சினிமாப் பாட்டுத்தான் எடுபடும், சொந்தமாக ஒரு மெட்டுப் போட்டவன் அதை எங்கே பாடிப் பார்ப்பான்? கல்லடியில் விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் பிள்ளைகள் வருடக்கணக்கில் சங்கீதம் படிக்கிறார்கள். பறங்கியர் வீடுகளில் வயலினும் பைலாவும் இன்னும் உயிரோடு இருக்கிறது. இவர்களெல்லாம் ஒரே மேடையில் சந்தித்தால் என்னதான் பிறக்காது!

கேவர்னின் முடிவு வயிற்றெரிச்சல். 1966இல் கடனில் மூடி, அதே வருடம் பிரித்தானியப் பிரதமர் ஹரல்ட் வில்சன் வந்து திறந்து வைத்தார். அப்படிப்பட்ட இடத்தை 1973இல் மூடி இடித்தார்கள், நிலத்தடி ரயிலுக்குக் காற்றுப்போக்கி கட்டவென்று. அந்தக் காற்றுப்போக்கி கட்டப்படவே இல்லை. நிலவறையை மூடிவிட்டுக் கார் நிறுத்தினார்கள். லெனன் 1980இல் கொல்லப்பட்ட பிறகு, தோண்டிப் பழைய நிலவறையையே மீட்கலாமா என்று பார்த்தார்கள், முடியவில்லை. கடைசியில் பழைய செங்கற்களில் ஆயிரக்கணக்கானவற்றை வைத்து, பழைய இடத்தின் பெரும்பகுதியில் புதிதாகக் கட்டி 1984இல் திறந்தார்கள். 1999இல் பீட்டில்ஸ் குழுவில் இருந்த போல் மக்கார்ட்னியே வந்து வாசித்தார்.

வாவியும் கடலும் சூழ்ந்த நம் ஊரில் நிலவறை தோண்ட முடியாது, தேவையும் இல்லை. நூறு பேர் இருக்கிற ஒரு மண்டபம் போதும். சனிக்கிழமை பின்னேரம் நாலு மணியிலிருந்து ஏழு மணி வரைக்கும், தேத்தண்ணீரும் வடையும், சின்ன ரிக்கெட், வாரத்துக்கு இரண்டு குழு, அதில் ஒன்றாவது சொந்தப் பாட்டுப் பாட வேண்டும். ஏழு மணிக்குப் பெண்பிள்ளைகளும் பயமில்லாமல் வீட்டுக்குப் போகலாம், பக்கத்து வீட்டுக்காரருக்கும் நித்திரை கெடாது. மண்டபம் வைத்திருக்கிற யாராவது இதை வாசித்தால், ஒரு மாதத்துக்கு மட்டும் தந்து பாருங்கள். கதிரை அடுக்குவதற்கு நான் வருகிறேன்.