கங்கைக்குப் போகும் முன்: இரண்டு பெரியவர்களுடன் காசிக்குக் கிளம்பிய கதை

காசிக்குப் போவது என்று வீட்டில் பேச்சு எழுந்ததும் முதலில் நாட்காட்டியைத்தான் எடுத்தேன். ஆகஸ்ட், செப்டம்பரில் கங்கை பெருகிப் படித்துறைகளின் கீழ்ப்படிகள் நீருக்குள் போய்விடும். வெள்ளம் வடிந்த பிறகும் படிகளில் படிந்த வண்டலைக் கழுவித் தள்ள நாளாகும். வடநாட்டுக் கணக்கில் வரும் கார்த்திகைப் பௌர்ணமியன்று தேவ தீபாவளி. படித்துறை முழுக்க விளக்கேற்றும் அந்தக் காட்சியை ஒருமுறையாவது பார்க்க வேண்டும் என்று எனக்கும் ஆசைதான். ஆனால் எழுபதைக் கடந்த இரண்டு பெண்களை அந்த நெரிசலுக்குள் அழைத்துப்போகத் துணிவில்லை. டிசம்பர் பாதியைத் தாண்டினால் பனிமூட்டத்தில் ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும். மாசியில் சிவராத்திரிக் கூட்டம், பங்குனிக்கு மேல் வெயில். எல்லாம் கழித்துப் பார்த்தால் நவம்பர் பிற்பாதிதான் மிஞ்சியது.

போகிறவர்கள் நான்கு பேர்: என் அம்மா, என் மாமியார், கணவர், நான். மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போட்டுக்கொள்கிறார். அம்மாவுக்கு முழங்கால் வலி. இருவரும் ஒருவரையொருவர் ‘சம்பந்தியம்மா’ என்று அழைத்துக்கொண்டு, என்னைவிட நெருக்கமாகப் பழகுகிறவர்கள். இவர்கள் இருவரும் எந்த வேகத்தில் நடக்கிறார்களோ அதுதான் இந்தப் பயணத்தின் வேகம் என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்துகொண்டோம். டிக்கெட், அறை, மூட்டை, சாப்பாடு எல்லாவற்றையும் அதை வைத்தே பார்த்தோம்.

ரயில் முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. 2024 அக்டோபர் வரை இது 120 நாட்களாக இருந்தது. பயண நாளைக் கணக்கில் சேர்க்காமல் 60 நாட்களைப் பின்னோக்கி எண்ணி, அந்தக் காலை எட்டு மணிக்குத் தயாராக உட்கார வேண்டும். 2025 அக்டோபரிலிருந்து, முன்பதிவு திறந்த கையோடு இணையத்தில் டிக்கெட் எடுக்க ஆதார் சரிபார்த்த கணக்கு வேண்டும் என்று ஆகிவிட்டது. இந்தச் சரிபார்ப்பை முதல் வாரமே முடித்துவையுங்கள். எட்டு மணிக்குக் கைப்பேசியில் வரவேண்டிய ஒருமுறைக் கடவுச்சொல்லுக்காக (ஓடிபி) காத்திருக்கும் நிலைமை யாருக்கும் வேண்டாம்.

பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் உண்டு. மூத்தவர்களுக்கான லோயர் பெர்த் ஒதுக்கீடு 60 வயதான ஆண்களுக்கும் 45 வயதான பெண்களுக்கும் உண்டு. ஆனால் அவர்கள் தனியாகவோ, அந்தத் தகுதியுள்ள இருவராகவோ ஒரே டிக்கெட்டில் பயணம் செய்தால்தான் அது செல்லும். பிள்ளைகளையும் அதே டிக்கெட்டில் சேர்த்தால் அந்த ஒதுக்கீடு கிடைக்காது. குடும்பம் முழுவதற்கும் சேர்த்து டிக்கெட் எடுத்துவிட்டு, வண்டியில் ஏறியபின் எதிர் இருக்கைக்காரரிடம் கெஞ்சுகிறவர்களைப் பல பயணங்களில் பார்த்திருக்கிறேன். நாங்கள் அம்மாவுக்கும் அத்தைக்கும் ஒரு டிக்கெட்டைத் தனியாக எடுத்தோம். அதில் வந்த பெட்டி எண்ணைப் பார்த்து, எங்கள் டிக்கெட்டில் விருப்பப் பெட்டியாக அதையே கொடுத்தோம். நான்கு பேருக்கும் ஒரே பெட்டி, பெரியவர்கள் இருவருக்கும் லோயர் பெர்த். மூன்றடுக்கு ஏசியைவிட இரண்டடுக்குக்குக் காசு கூடத்தான். ஆனால் நடு பெர்த்தைப் போட்டுவிட்டால் கீழே இருப்பவர் நிமிர்ந்து உட்கார முடியாது. முழங்கால் வலிக்காரருக்கு இரவில் எழுந்து உட்கார இடம் வேண்டும். அதற்குக் கொடுக்கும் பணம் வீண் இல்லை.

சென்னையிலிருந்து காசிக்கு கங்கா காவேரி எக்ஸ்பிரஸ். வாரத்தில் இரண்டு நாட்கள்தான் ஓடுகிறது என்பதால், நாட்களை வண்டிக்கு ஏற்பத்தான் வகுக்க வேண்டும். ரயிலிலேயே இரண்டு இரவுகள். போகும்போது ரயில், திரும்பும்போது விமானம் என்று வைத்துக்கொண்டோம். திரும்பி வரும்போது உடம்பு களைத்திருக்கும். விமான டிக்கெட்டோடு சக்கர நாற்காலியையும் அப்போதே கேட்டுப் பதிந்துவிட்டோம். பாபத்பூர் விமான நிலையம் ஊரிலிருந்து ஏறக்குறைய 25 கிலோமீட்டர் என்பதால், காரையும் முன்கூட்டியே பேசிவைத்தோம்.

டிக்கெட் கைக்கு வந்ததும் உறவினர்களின் யோசனைகள் வரத் தொடங்கின. காசி வரை போகிறீர்கள், பிரயாகை 120 கிலோமீட்டர்தானே என்றார் ஒருவர். அயோத்தியையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார் இன்னொருவர். சாரநாத் பக்கத்திலேயே இருக்கிறது என்றார் எதிர்வீட்டுக்காரர். என் சித்தப்பா தொலைபேசியில் அம்மாவிடமே பேசினார்.

“அண்ணி, காசி வரை போய்விட்டுக் கயாவை விட்டுவிட்டு வந்தால் ஊர் என்ன சொல்லும்?”

“ஊரா தம்பி என்னைப் படி ஏற்றி இறக்கப் போகிறது? உங்கள் அண்ணனுக்குச் செய்ய வேண்டியதை நீங்களும் என் மகனும் போய் முறையாகச் செய்யுங்கள். நான் கங்கையைப் பார்த்துவிட்டு வருகிறேன்.”

அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. இராமேசுவரத்து மணலைக் கொண்டுபோய்த் திரிவேணியில் கரைத்து, கங்கை நீரைக் கொண்டுவந்து இராமநாதருக்கு அபிஷேகம் செய்யும் யாத்திரை பெரியது. அதற்கான முறை, காலம், உடல் வலிமை எல்லாம் வேறு. நாங்கள் கிளம்புவது காசி என்னும் ஊரில் சில நாட்கள் ஆற அமர இருந்துவிட்டு வர.

அன்றைக்கு இருவரையும் உட்காரவைத்து, ‘இதைப் பார்க்காமல் திரும்பினால் மனம் ஆறாது என்று ஒன்றே ஒன்றைச் சொல்லுங்கள்’ என்று கேட்டேன். அம்மா, கூட்டமில்லாத ஒரு துறையில் அவசரமின்றி முங்கிக் குளிக்க வேண்டும் என்றார். அத்தை கொஞ்சமும் யோசிக்காமல், பாரதியார் இருந்த வீடு என்றார். 1898 முதல் 1902 வரை தம் அத்தை வீட்டில் தங்கிப் பாரதி படித்தது அனுமன் காட் என்னும் படித்துறைப் பகுதியில். வகுப்பில் ஆண்டுக்கணக்காகச் சொல்லிக்கொடுத்த இடத்தைக் கண்ணால் பார்க்கும் ஆசை. என் கணவருக்கு விடியற்காலைப் படகு. எனக்குக் கேதார் காட் படித்துறையில் குமரகுருபரர் நிறுவிய மடம். பதினேழாம் நூற்றாண்டில் தென்கோடியிலிருந்து ஒருவர் அங்கே போய் நிலைபெற்ற கதை எனக்குச் சிறுவயதிலிருந்தே பெரிய வியப்பு. விசுவநாதர் தரிசனம் நால்வருக்கும் பொது. இவற்றை வைத்து நாட்களை நிரப்பினோம், ஒரு நாளுக்கு ஒன்றுதான், பிற்பகல் முழுக்க ஓய்வு. மற்றதெல்லாம் கிடைத்தால் லாபம்.

இந்தக் கணக்கில் தங்குமிடம் தானாகவே அனுமன் காட்டுப் பக்கம் வந்து நின்றது. தமிழர்கள் பல தலைமுறையாக வாழும் பகுதி அது. கேதார் காட்டும் நடக்கும் தொலைவுதான். கோதௌலியா அருகே நகரத்தாரின் சத்திரம் இருக்கிறது. கோயிலுக்குப் பக்கத்தில் தங்க நினைப்பவர்கள் அங்கே விசாரிக்கலாம். எங்களுக்குக் கோயிலைவிட ஆறு பக்கத்தில் இருக்க வேண்டும்.

அறை விசாரிப்பதில் நான் வெட்கப்படுவதே இல்லை. இணையத்தில் போட்டிருக்கும் படங்களில் மெத்தையும் திரைச்சீலையும் தெரியும். பெரியவர்களுக்கு வேண்டியது எதுவும் தெரியாது. அதனால் ஒவ்வோர் இடத்துக்கும் தொலைபேசியில் பேசினேன். ஆட்டோ எதுவரை வரும்? அங்கிருந்து சந்துக்குள் எவ்வளவு நடை? வாசலில் எத்தனை படி, கைப்பிடி உண்டா? தரைத்தளத்தில் அறை இருக்கிறதா? மேற்கத்தியக் கழிப்பறையா? வெந்நீர் எத்தனை மணிக்கு வரும்? இன்சுலின் வைக்கக் குளிர்பெட்டி உண்டா? ஓர் இடத்தில் ‘எல்லாம் இருக்கும், வாருங்கள்’ என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார்கள். நாங்கள் எடுத்த இடத்தில் பேசிய அம்மாள் சற்றுப் பொறுக்கச் சொல்லிவிட்டு, தாமே போய்ப் படிகளை எண்ணிவந்து சொன்னார். “ஐந்து படி, இடது பக்கம் கம்பி இருக்கிறது. உங்கள் அம்மாவுக்கு எந்தக் கால் வலி?” அவரிடம் அப்போதே முன்பணம் அனுப்பினேன்.

அன்று மாலையிலிருந்தே நடைப்பயிற்சி. எங்கள் குடியிருப்பில் மின்தூக்கி இருக்கிறது. அதை விட்டுவிட்டு அம்மாவும் அத்தையும் ஒரு மாடி ஏறி இறங்கினார்கள். பிறகு இரண்டு மாடி. இறங்கும்போதுதான் முழங்கால் அதிகம் வலிக்கிறது என்பதால், இயன்முறை மருத்துவர் சொன்னபடி வலியுள்ள காலை முதலில் கீழே வைத்து இறங்கப் பழகினார்கள். செருப்பையும் அந்த வாரமே வாங்கினோம். பின்பட்டை வைத்த, அடிப்பாகம் வழுக்காத ரப்பர் செருப்பு. கிளம்பும் முன்தினம் வாங்கிய புதுச் செருப்பு காலைக் கடித்தால் காசிச் சந்தில் நடக்கவே முடியாது.

மருத்துவரிடம் ஒரு மாதம் இருக்கும்போதே போய்விடுவது நல்லது. மருந்தை மாற்றினால் உடம்பு ஏற்றுக்கொள்கிறதா என்று பார்க்க நாள் இருக்கும். அம்மாவுக்கு ஆடிக்கொண்டிருந்த ஒரு பல்லையும் அப்போதே கவனித்தோம். மாத்திரைகளை அட்டையோடு வாங்கி, ஒரு வாரத்துக்கு அதிகமாக வைத்து, இரண்டு பைகளில் பாதி பாதியாகப் பிரித்தேன். ஒரு பை தொலைந்தாலும் மறு பை இருக்கும். இன்சுலினை விமானத்தில் பெட்டியோடு போட்டுவிடக் கூடாது. சரக்கறைக் குளிரில் உறைந்துவிட்டால் பயன்படாது. மருந்துச் சீட்டோடு கைப்பையில்தான் வர வேண்டும். சர்க்கரை இறங்கினால் உடனே வாயில் போட, இருவர் பையிலும் குளுக்கோஸ்.

விசுவநாதர் கோயிலுக்குள் கைப்பேசி கொண்டுபோக முடியாது. பையும் பேனாவும்கூட வெளியே வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். 2021 டிசம்பரில் திறந்த புதிய வளாகம் விசாலமானது, வாசல்களும் பல. கூட்டத்தில் பிரிந்துவிட்டால், தமிழ் மட்டும் தெரிந்த அம்மா யாரிடம் என்ன கேட்பார்? இந்தி தெரிந்த எதிர்வீட்டுப் பெண்ணிடம் சொல்லி, உள்ளங்கை அளவு அட்டையில் எழுதி வாங்கினேன். தங்குமிடத்தின் பெயர், சந்து, எங்கள் இருவர் எண், ‘இவரை இந்த இடத்தில் சேர்க்க உதவுங்கள்’ என்ற வரி, எல்லாம் இந்தியில். அத்தையின் அட்டையில் ‘சர்க்கரை நோயாளி’ என்றும் சேர்த்தோம். நனைந்தாலும் அழியாமல் இருக்க அதற்கு நெகிழி உறை. அம்மா அதைச் சுருக்குப்பையில் வெற்றிலைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

மூட்டையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். காசியின் கல் பாவிய சந்துகளில் சக்கரப் பெட்டி உருளாது. தூக்க முடிந்ததே மூட்டை. நவம்பர் இறுதியில் அங்கே பகல் இதமாக இருக்கும், விடியற்காலையில் படகில் காற்று ஊடுருவும். ஆளுக்கொரு கம்பளிச் சட்டை, சால்வை, காலுறை, காது மூடும் குல்லா போதும். முங்கிக் குளிக்கச் சீக்கிரம் காயும் பருத்திச் சேலை.

ஊருக்குப் போகிறவர்களைவிட வீட்டைத் தயார் செய்வதுதான் எனக்குப் பெரிய வேலையாக இருந்தது. நவம்பரில் சென்னையைப் பூட்டிவிட்டுப் போவது வடகிழக்குப் பருவமழையின் நடுவில் பூட்டிவிட்டுப் போவது. வங்கக் கடலில் எப்போது எது உருவாகும் என்று சொல்ல முடியாது. மொட்டைமாடியில் ஏறி வடிகால் துவாரங்களில் அடைத்திருந்த வேப்பிலைச் சருகை அள்ளினோம். சன்னல் ஓரம் ஒழுகும் இடத்தில் பூச்சு போட்டோம். பத்திரங்கள், சான்றிதழ்கள், அரிசி மூட்டை எல்லாம் பரணுக்கு ஏறின. குளிர்பெட்டியைக் காலி செய்து, சிலிண்டரை மூடி, பால் பாக்கெட்டை நிறுத்தி, சாவியை எதிர்வீட்டில் கொடுத்தோம். சாவியோடு மின்பணியாளர், குழாய் பழுதுபார்ப்பவர் எண்களையும் எழுதிக் கொடுத்தேன். நல்ல எண்ணத்தில் உதவ வருகிறவர்களை நாம் தேடி அலைய விடக் கூடாது.

ரயில் சாப்பாட்டை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இன்சுலின் போட்டபின் சாப்பாடு எப்போது வரும் என்று காத்திருக்க முடியாது. அதனால் முதல் இரவுக்கும் மறுநாள் காலைக்கும் கையோடு உணவு. கிளம்பும் நாள் விடியற்காலையில் அம்மா இட்லி வார்த்தார். நன்றாக ஆறவிட்ட பிறகே மிளகாய்ப்பொடியை நல்லெண்ணெயில் குழைத்து இருபுறமும் தடவினார். சூட்டோடு கட்டினால் வியர்த்து ஊசிப்போகும். அனலில் வாட்டிய வாழையிலையில் ஆளுக்கு ஒரு பொட்டலம், அதன்மேல் செய்தித்தாள், நூல். புளியோதரைக்குத் தண்ணீர் படாத கரண்டி. பருப்புப்பொடி, நார்த்தங்காய், வறுத்த வேர்க்கடலை. மறுநாள் மதியத்துக்கு மட்டும், பிஎன்ஆர் எண்ணைக் கொடுத்து இருக்கைக்கே வரவழைக்கும் ரயில்வே உணவுச் சேவையில் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தோம்.

கிளம்பும் நாள் மழை பிடித்துக்கொண்டது. அதை எதிர்பார்த்தே வண்டி நேரத்துக்கு மூன்று மணி நேரம் முன்பாக வீட்டைப் பூட்டினோம். சென்ட்ரலில் மின்கல வண்டி பெரியவர்களைப் பெட்டி வாசலிலேயே இறக்கிவிட்டது. பைகள் பெர்த்துக்கு அடியில் போயின, மருந்துப் பைகள் மட்டும் கைக்கெட்டும் கொக்கியில். வண்டி நகர்ந்து ஊர் தாண்டியதும் அத்தை கைக்கடிகாரத்தைக் கழற்றி எதிரே வைத்துக்கொண்டார். ஏழரைக்கு ஊசி, ஏழே முக்காலுக்கு இட்லி. வகுப்பு மணி அடிப்பதைப்போல அவர் நேரம் சொல்ல, அம்மா பொட்டலத்து நூலை அவிழ்த்தார்.